மடித்ததைத் திரும்ப மடிக்கிறவள்

ஜனவரி 9

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நீ விவரமாக எழுது.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்ற உன் யோசனைக்கு ஏன்தான் தலையாட்டினேனோ. "போன்ல நீ பேசுவே, நான் ம் கொட்டுவேன், கடைசியில சண்டை வரும். கடிதத்துல நீ குறுக்கே பேச முடியாதுல்ல?" என்று கேட்டாயே, அப்போது சிரித்துவிட்டேன். ரயில் கிளம்பியதும் சுருக்கென்றது. போகட்டும். அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் தாளில். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும்.

புது வேலையைப் பற்றிக் கேட்டாய். ஆஸ்பத்திரிக்கு அடியில், பூமிக்குள் இருக்கிறது சலவைப் பிரிவு. படி இறங்கும்போதே சோப்பும் நீராவியும் கலந்து முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துணி துவைக்கும் இயந்திரங்கள். நடுவில் சூட்டு ரோலர். ஈரவிரிப்பை இரண்டு பேர் இந்தப் பக்கம் விட்டால், அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வரும். அதற்கப்பால் மடிப்பு மேசை. மேலே இருக்கிற அத்தனை கட்டில்களுக்கும், ஆபரேஷன் அறைக்கும் துணி இங்கிருந்துதான் போகவேண்டும். இதற்கெல்லாம் உன் அக்கா தலைவி!

ஆட்கள் மோசமில்லை, ஆனால் அவரவர் இஷ்டத்துக்குப் பழகியிருக்கிறார்கள். துவைக்கும் பக்கம் இருப்பவர் எப்போதும் புஸ் புஸ்ஸென்று முணுமுணுப்பதால் அவருக்கு 'பாய்லர்' என்று பெயர். ரோலரில் நிற்பவள் நெட்டை. பெயருக்கேற்ற உயரம், வாய் திறந்து நான் இன்னும் பார்க்கவில்லை. மடிப்பு மேசைக்குப் பெரியவள் ஒரு அம்மாள். எண்ணும்போது வகுப்பெடுப்பது மாதிரி சத்தமாக எண்ணுவதால் 'டீச்சர்'. அந்த டீச்சர் மடிக்கிற அழகைப் பார்க்கவேண்டுமே, ஓரம் ஓரத்தோடு சேரவில்லை. முதல் நாளே ஒரு அலமாரி முழுவதையும் பிரித்து, நானே மடித்துக் காட்டினேன். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். கற்றுக்கொள்வார்கள்.

இப்போது வீட்டு விஷயம். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு, முன்னால் அல்ல. அவர் போட்டுவிட்டேன் என்பார், நம்பாதே, அட்டையைப் பார். குளியலறைத் தரையைத் துடைத்துக் காயவிடு. உப்பைக் குறை. கேஸை மூடினாயா என்று ஒருமுறைக்கு இருமுறை பார். அப்பா காது கேட்காத மாதிரி நடித்தால் இடது பக்கம் போகாமல் வலது பக்கம் போய்ச் சொல்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
அக்கா


ஜனவரி 20

என் அருமை அக்காவுக்கு,

வாண்டு வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். கேஸ் மூடியிருக்கிறது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு வந்தேன், திருப்திதானே?

முப்பத்திரண்டு வயசுக்காரியை வாண்டு என்று கூப்பிடும் உலகத்தில் நான் என்ன பெரிய மனுஷியாக முடியும்? கண்ணாடிக் கடையில் என்னிடம் கண் பரிசோதிக்க வருகிறவர்கள் "மேடம்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் "உப்பைக் குறை" என்கிறது.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, முக்கில் திரும்புகிற பஸ்களுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்குமா? நேற்று ஒரு டிரைவர் அகலமாகத் திருப்பிவிட்டான் என்று இங்கிருந்தே கத்தினார். பஸ் போய்விட்டது, எதிர்வீட்டுக்காரர்தான் பயந்து திரும்பிப் பார்த்தார். சாப்பாடு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறார். வயிறு மந்தமாம். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒன்று கேட்கவேண்டும். அந்த டீச்சர் மடித்ததை நீ திரும்ப மடித்தபோது அவர் என்ன சொன்னார்? கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். முகம் எப்படி இருந்தது என்று எழுதவில்லை.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நீ ஒழுங்காகத் தூங்கு.

முத்தங்களுடன்,
உன் வாண்டு


பிப்ரவரி 4

அன்பு வாண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று கண்ணாடி சொல்கிறது, அதனாலென்ன.

முதலில் அப்பாவின் வயிறு. மந்தம் என்றால் எப்படி மந்தம்? சாப்பிட்டதும் வருகிறதா, வெறும் வயிற்றிலா? எண்ணெயை நிறுத்து. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் கொடு. வெந்நீர் கொடு. நம் பழைய டாக்டரிடம் போகாதே, அவர் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரைதான் எழுதுவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, ஆனால் போவதற்கு முன்னால் எனக்கு எழுது, என்ன கேட்கவேண்டும் என்று நான் சொல்கிறேன். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்கிறேன்.

இங்கே வேலை சூடுபிடித்துவிட்டது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எதிரே எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மேலே போகிற ஒவ்வொரு அடுக்கையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தள்ளுவண்டி நகரும். அதனால் நான்தான் முதலில் வருகிறேன், நான்தான் கடைசியில் போகிறேன். இந்த வாரம் ரோலரிலிருந்து வரும் விரிப்புகள் கோணல்மாணலாக வந்தன. நெட்டையை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, "இத்தனை நாளா செய்யற வேலைதானே? கண்ணு எங்க இருக்கு?" என்று கேட்டேன். மறுநாளும் கோணல். மறுநாளும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒழுங்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் நான் படி இறங்கும்போது ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கேட்கும். இப்போது இயந்திரச் சத்தம் மட்டும்தான்.

டீச்சரின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாய். நான் மடித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

உடனே பதில் போடு.

பாசத்துடன்,
அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடியே செய்கிறேன். கடையில் வேலை கொஞ்சம் அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாண்டு


மார்ச் 6

என் கண்ணே வாண்டு,

எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு வயிறு தேவலையா? உன் கடைசிக் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். படிக்க அதில் என்ன இருக்கிறது? "நீ சொன்னபடியே செய்கிறேன்" என்று நீ பிறந்ததிலிருந்து ஒருநாளும் சொன்னதில்லையே. போன் செய்யலாமா என்று கை போனது. ஒப்பந்தத்தை மீறினால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாய் என்று விட்டுவிட்டேன். உன்மேல் கோபமாக இருக்கிறேன், ஆனாலும் உன்னிடம்தான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நேற்றைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். குழாயடியில் நெட்டை, சட்டையின் கையை மேலே சுருட்டிவிட்டு நின்றிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தீக்காயம். ஆறி வருகிறது, ஆனாலும் பார்க்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் சட்டென்று சட்டையை இழுத்துவிட்டாள். ரோலரில் பட்டதாம். பட்டு ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டதாம், வாண்டு! ஒரு மாசம்! விரிப்புகள் கோணலாக வந்தது அதனால்தான். ஒற்றைக் கையால் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு நாள் எல்லோருக்கும் முன்னால் நான் அவளைக் கேள்வி கேட்டபோது, அந்தக் கை சட்டைக்குள் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாடி நர்ஸிடம் மருந்து வாங்கிக் கட்டிவிட்டது டீச்சர். கனமான விரிப்புகளை அவள் பக்கம் போகாமல் திருப்பிவிட்டது பாய்லர். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா ரோலர்லேருந்து எடுத்துடுவீங்க மேடம்" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

பாய்லர் துணியைப் போட்டுவிட்டு வந்தார். "நான் சொல்றேன் மேடம். இங்க எது நல்லா நடந்தாலும் அது நீங்க செஞ்சது. எது கெட்டுப்போனாலும் அது நாங்க செஞ்சது. அப்புறம் எவன் வந்து உங்ககிட்ட வாயைத் திறப்பான்?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறேன்? இன்று காலை ஒரு புது உத்தரவு எழுதி ஒட்டினேன். வேலை தொடங்குமுன் எல்லோரும் என்னிடம் இரண்டு கைகளையும் காட்டவேண்டும். காட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்று, அந்த டீச்சர் உட்பட. என்னவோ, பார்க்க எனக்கே நன்றாக இல்லை.

நீயே சொல். நான் அப்படிப்பட்டவளா? சொல்லவே பயப்படும்படியான ஆளா நான்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


மார்ச் 19

என் அக்காவுக்கு,

முதலில் இதைப் படி: அப்பா நன்றாக இருக்கிறார். இந்த நிமிஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நானும் நலம். இதை இரண்டு தடவை படித்துவிட்டு உட்கார்ந்துகொள். பிறகு மேலே படி.

பிப்ரவரி 24-ஆம் தேதி அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையில் கல். பையையே எடுத்துவிட்டார்கள்.

உன் நீளமான கடிதம் வந்து நாலைந்து நாள் இருக்கும், மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படம் எடுத்தார்கள். ஊசி போட்டு வலியை அடக்கி வீட்டுக்கு அனுப்பி, தேதி குறித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "பெரியவகிட்ட சொல்லணுமா?" சொல்லத்தான் வேண்டும் என்றேன். "சொன்னா அவ இங்க வந்து, டாக்டருக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்குடுப்பா" என்றார். அந்த நிலைமையிலும் இருவரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த மூன்று வரிக் கடிதத்தை எழுதினேன். எழுதும்போது கை கூசியது.

அவசரத்துக்குப் போன் என்று பேசிக்கொண்டோம். இதைவிட என்ன அவசரம் என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான காரணத்தைச் சொல்கிறேன்.

நீ வந்திருந்தால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அம்மா போனபோது எல்லாவற்றையும் நீ செய்தாய். ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியது, அப்பாவைச் சாப்பிட வைத்தது, அம்மாவின் புடவைகளை எடுத்து வைத்தது, எல்லாமே நீ. நான் ஒரு டம்ளரை எடுத்தால்கூட "நீ வை, நான் பார்த்துக்கறேன்" என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் அழுவதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. இந்தத் தடவை அப்பாவுக்கு நான் செய்யவேண்டும் என்று இருந்தது.

செய்தேன் அக்கா. கையெழுத்துப் போட்டேன். டாக்டரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. உன் கை ஒன்று பக்கத்தில் இருந்தால் தேவலை என்று தோன்றியது. கை மட்டும். ஆனால் உன்னைக் கூப்பிட்டால் கை மட்டுமா வரும்? உன்னிடம் ஒன்றைச் சொல்வதென்றால் அதை உன்னிடம் ஒப்படைத்துவிடுவது என்று ஆகிவிடுகிறது. சொல்வது வேறு, ஒப்படைப்பது வேறு என்று உனக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல்தான் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நீ அப்படிப்பட்டவளா என்று கேட்டாய். ஆமாம், அக்கா. உன்னைப் போல் பாசமானவளை நான் பார்த்ததில்லை. உன்னிடம் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. அந்த நெட்டையைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். அவளை எனக்கு நன்றாகத் தெரியும்போல் இருக்கிறது.

திட்டு. ஆனால் திட்டி முடித்ததும் எழுது.

உன்,
வாண்டு


மார்ச் 30

வாண்டுவுக்கு,

போனில் திட்டியது போதும் என்று நினைக்கிறேன். அப்பா போனை வாங்கி, "எனக்கு இந்தக் காது கேக்காது" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் வைத்துக்கொண்டது நல்ல காதில் என்று எனக்குத் தெரியாதா! அவர் குரலைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது. தையல் போட்ட இடம் இப்போது எப்படி இருக்கிறது? நீ எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன்.

உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதுவும் கிழிந்தது. இது மூன்றாவது.

அம்மாவின் புடவைகளை நான்தான் எடுத்து வைத்தேன். நீ கதவருகில் நின்றுகொண்டிருந்தாய். எதற்காக நின்றாய் என்று இப்போதுதான் புரிகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

போன் செய்த மறுநாள் வேலைக்குப் போனேன். வரிசையாக நின்று கைகளை நீட்டினார்கள். பார்க்க முடியவில்லை. "கையை இறக்குங்க, எல்லாரும் உட்காருங்க" என்றேன். உட்காருவதா, நிற்பதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுக்குத் துணி மூட்டைமேல் நான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

நெட்டையைப் பார்த்து, "உன்னை அத்தனை பேர் முன்னாடி பேசினேன். அதே அத்தனை பேர் முன்னாடி சொல்றேன், நான் பேசினது தப்பு" என்றேன். அவள் தரையைப் பார்த்தாள். ரோலர் அவளுடையதுதான், யாரும் எடுக்கப் போவதில்லை, ஆனால் கை முழுக்க ஆறும் வரைக்கும் டாக்டர் சொல்வதைக் கேட்கவேண்டும், அதில் பேரம் இல்லை என்றும் சொன்னேன். பிறகு எல்லோரிடமும் கேட்டேன்: "நான் என்ன செஞ்சா நீங்க என்கிட்ட எதையும் சொல்லுவீங்க?"

பாய்லர்கூடப் புஸ்ஸென்று சொல்லவில்லை. கடைசியில் டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் மேடம். நான் மடிச்சதை நீங்க திரும்ப மடிக்காம இருந்தா போதும்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லோரும். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும்தான். நீராவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

எது முக்கியம் என்று மட்டும் பேசி முடித்தோம். ஆபரேஷன் அறைத் துணி ஒருநாளும் குறையக்கூடாது. நோயாளியின் படுக்கைக்குப் போகிற துணி சுத்தமாக இருக்கவேண்டும். யாருக்கும் அடிபடக்கூடாது, பட்டால் அன்றைக்கே சொல்லவேண்டும். யார் எங்கே நிற்பது, எப்படி மடிப்பது எல்லாம் அவர்கள் பாடு. கையெழுத்தும் இனி என்னுடையது இல்லை, டீச்சருடையது.

சொல்லிவிட்டேனே தவிர, சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. இன்று ஒரு அடுக்கில் ஓரம் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 10

என் செல்ல அக்காவுக்கு,

நாங்கள் நலம். தையல் நன்றாக ஆறிவிட்டது. அப்பா கீழே இறங்கி முக்குக்கடை வரைக்கும் போய் வருகிறார். நீ எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு "இருக்கிறேன்" என்று ஒரு பதிலா? சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவின் புடவை வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்பா மிச்சத்தை வாங்கி அவரே படித்தார். படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பஸ் கோணலாகத் திரும்பியும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பீரோவைத் திறந்து அம்மாவின் நீலப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு கடைக்குப் போனேன். எல்லாம் உன் மடிப்பு கலையாமல் அப்படியே இருக்கிறது. எவ்வளவு அழகாக மடித்திருக்கிறாய்! உன்னிடம் அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நான் சொல்லாமல் விட்டதும் சரியில்லை, அக்கா. உன்னை அந்நியர் மாதிரி வெளியே நிறுத்திவிட்டேன். இனிமேல் சொல்கிறேன். நீயும் கைகளைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்.

இதோ, அப்பா பேனாவைப் பிடுங்குகிறார்:

*பெரியவளுக்கு, நான் சுகம். சின்னவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். நீ சொல்லிக்கொடுத்து வளர்ந்தவள்தானே. அங்கே உன் ஆட்களையும் அப்படி விட்டுப் பார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் கைதான் வலிக்கும், வண்டி அதனால் நேராகப் போகாது. —அப்பா*

பார்த்தாயா, எப்போது சொல்லலாம் என்று காத்திருந்த மாதிரி!

அன்பு முத்தங்களுடன்,
வாண்டு


மே 5

என் வாண்டுவுக்கு,

நான் நலம், நிஜமாகவே. இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். மூன்றாவது வேளை டீச்சர் கட்டிக்கொண்டு வருகிறார், வேண்டாம் என்றால் விடுவதில்லை. அப்பாவுக்கு என் வணக்கம். அவர் எழுதியதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் எங்களுக்குப் பெரிய சோதனை. காலையில் வந்து பார்த்தால் நீராவி இல்லை. கொதிகலன் நின்றுவிட்டது. சரிசெய்ய மாலை ஆகும் என்றார்கள். நீராவி இல்லையென்றால் உலர்த்தியும் ஓடாது, ரோலரும் சுற்றாது. ஈரத்துணி மலைமாதிரி குவிந்து கிடக்கிறது. மேலே ஆபரேஷன்கள் வரிசையாக இருக்கின்றன. வாயைத் திறந்து, நீ இதைச் செய், நீ அதைச் செய் என்று தொடங்கப் போனேன். பாய்லர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு, "என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உலர்த்தியில் ஏற்கெனவே காய்ந்த, டாக்டர்களின் பச்சை நிறத் துணிகளை முதலில் எடுத்து ஆபரேஷன் அறைக்கு மடித்துவிடலாம் என்றார் டீச்சர். அந்தப் பழைய மின்சார உலர்த்தி மூலையில் தூங்குகிறதே, அதை ஓடவைக்க முடியும் என்றார் பாய்லர். அப்போது நெட்டை, தானாக, யாரும் கேட்காமல் பேசினாள்: "வார்டுல இன்னைக்கு ஒருநாள், அழுக்கான விரிப்பை மட்டும் மாத்தினா போதும்னு சொன்னா, பாதி துணி மிச்சமாகும். ஆனா அது நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "மேடம், நீங்க மேல போய் நிர்வாக அதிகாரிகிட்ட பேசுங்க. எங்களால போக முடியாத இடம் அது ஒண்ணுதான்" என்றாள் நெட்டை.

வாண்டு, இத்தனை மாசத்தில் அவர்கள் எனக்குக் கொடுத்த முதல் வேலை அது. படியேறும்போது ஏதோ பரிசு வாங்கப் போகிற மாதிரி இருந்தது. நிர்வாக அதிகாரி எளிதில் மசியவில்லை. "இது யார் யோசனை? உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார். "அவங்களுக்குத்தான் தெரியும். ஏதாவது தப்பாப் போனா பொறுப்பு என்னோடது" என்றேன். தலைமை நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மாள் தாராளமாகச் செய்யலாம் என்றதும் உத்தரவு வந்தது.

கீழே வந்தால் பழைய உலர்த்தி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாய்லர் அதன்மேல் சாய்ந்து, குழந்தையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை. நான் என்ன செய்தேன் என்கிறாய்? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன், தள்ளுவண்டிகள் போவதற்கு.

மறுநாள் நிர்வாக அதிகாரி எனக்குப் பாராட்டு அனுப்பினார். அதில் என் பெயர் மட்டும் இருந்தது. திருப்பிக் கொண்டுபோய் எல்லோர் பெயரையும் போடவைத்தேன், நெட்டையின் யோசனை என்பது தனி வரியாக. அவள் அதைப் படித்துவிட்டுத் திரும்ப ரோலருக்குப் போய்விட்டாள். ஆனால் இப்போதெல்லாம் நான் படி இறங்கும்போது பேச்சு நிற்பதில்லை. நேற்று நெட்டை என்னையே கேலி செய்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் வந்து நின்றபிறகும் சொல்லி முடித்தாள். என் நடையை அப்படியே நடித்துக் காட்டுகிறாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆசையுடன்,
அக்கா


மே 16

என் அன்பு அக்காவுக்கு,

அப்பா சுகம், நான் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா அந்தக் கொதிகலன் கதையை எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அவர் சொல்கிற விதத்தில் கொதிகலனைச் சரிசெய்தவளே நீதான்!

நான் ஒன்று சொல்லவேண்டும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

எங்கள் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். நான் கண்ணைச் சோதித்து எழுதிக்கொடுப்பதை அவர்தான் கண்ணாடியாக்குவார். ஆபரேஷன் அன்று அந்த வராந்தாவில் நான் தனியாக இல்லை, அக்கா. கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு வந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடச் சொல்லவில்லை. டாக்டர் வெளியே வந்ததும் எழுந்து, நான் பேசட்டும் என்று இரண்டடி தள்ளி நின்றார்.

போன வாரம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அப்பாவை நினைத்தால் குழப்பமாக இருக்கிறது. என்னைக் கேட்டவர் முன்பு ஒருமுறை கல்யாணமானவர், மனைவி இறந்துவிட்டாள். உனக்குப் பத்துக் கேள்வி வரும் என்று தெரியும்.

நீ ஒரு யோசனையும் சொல்லவேண்டாம் அக்கா. என்ன செய்வதென்று நான்தான் முடிவு பண்ணவேண்டும். ஆனால் முடிவு பண்ணுவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் வாண்டு


மே 21

என் வாண்டுவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமென்று தெரிந்ததில் நிம்மதி.

உன் கடிதம் நேற்று வேலையிடத்துக்கு வந்தது. மடிப்பு மேசையோரம் நின்று படித்தேன். படித்து முடித்து நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு டீச்சர், "என்ன மேடம், ஊர்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "இல்லை. என் தங்கச்சி என்கிட்ட ஒரு விஷயம் சொல்லியிருக்கா" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான்.

பத்துக் கேள்வி வரும் என்று எழுதியிருந்தாய். கணக்குத் தப்பு, இருபதுக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தள்ளி வைத்தபிறகு ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. அதையும் நீ விரும்பினால் சொல்.

அவர் எப்படிச் சிரிப்பார்?

அக்கா